கொடுத்தவர் பெயர்

பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மிஷின் எவர்சில்வரைத் தொடும்போது பல் கூசும்படி ர்ர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, தெருவில் கரண்ட் போய், பிள்ளையை மடியில் போட்டு முந்தானையால் வீசிக்கொண்டிருந்தேன். சத்தம் எங்கள் அடுக்களை அலமாரியிலிருந்து வந்தது. கரண்ட் இல்லாதபோது எந்த மிஷின் ஓடும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டு அலமாரியிலிருந்தும் அதே சத்தம், எதிர்வீட்டுப் பரணிலிருந்தும் அதே சத்தம், கோடிவீட்டுக் கட்டிலடியிலிருந்து, பூட்டிக்கிடந்த வீட்டின் தகரப்பெட்டிக்குள்ளிருந்து, கோயில் சாமான் அறையிலிருந்து, தெரு முழுக்க ஆயிரம் ஊசி ஒரே நேரத்தில் எழுத உட்கார்ந்தது மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக நின்றது. எலியாக இருக்கும் என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். எலிக்கு எழுதத் தெரியாது.

விடிந்து பார்த்தால் அலமாரித் தட்டில் பாத்திரங்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் உதிர்ந்து கிடந்தது. தேய்த்துத் தேய்த்து மங்கிப்போயிருந்த பெயர்களெல்லாம் நேற்று வெட்டியது போல விரலைக் கீறும் கூர்மையோடு மின்னின. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பிள்ளை பிறந்ததற்கோ பாத்திரம் கொடுத்தால் கொடுத்தவர் பெயரை அதில் வெட்டித்தான் கொடுப்பார்கள். அதனால் கல்யாணமாகி வந்த என் அடுக்களையில் என் பெயர் போட்ட கரண்டிகூடக் கிடையாது. மாமாக்கள், சித்தப்பாக்கள், இவரோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், எந்த வழியில் சொந்தம் என்று இன்றுவரை தெரியாத ஒரு பாண்டியன்துரை, இத்தனை பேர் பெயருக்கு நடுவில்தான் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலையில் எதிர்வீட்டுச் செண்பகவல்லி அக்கா, அவர்கள் கல்யாணத்துக்கு வீட்டுக்காரரின் பெரியப்பா கொடுத்த சொம்பில் மோர் குடித்தாள். குடித்த கையோடு, பொண்ணு இவ்வளவு கறுப்பா இருக்காளே, பந்தியில் அப்பளம் ஒன்றோடு நிறுத்திவிட்டார்களே என்ற இரண்டு எண்ணமும் அவள் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. கண்ணாடி முன்னால் போய் நின்று தன் முகத்தைப் பார்த்துத் தானே உதட்டைப் பிதுக்கினாளாம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த எண்ணம் வந்த வழியே போய்விட்டது. ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும், உங்க பெரியப்பாவுக்கு ஒரு கட்டு அப்பளம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலையில் தெரு முழுக்கப் புரிந்துவிட்டது.

கொடுத்தவர் பாத்திரத்தை வாங்கிப் பெயர் வெட்டக் கொடுத்து, கடையில் நின்ற அந்த நேரம் மனதில் என்ன இருந்ததோ அது பாத்திரத்தில் பதிந்திருந்தது; வெட்டியது யார் பெயரோ, நினைப்பும் அவருடையது. அதில் யார் குடித்தாலும் குடித்தவருக்குள் அது இறங்கி, ஒரு பகல் தங்கி, போய்விடும். இது எப்படி என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். கான்வென்டில் எங்களுக்கு சயின்ஸ் எடுத்த சிஸ்டர் அனன்சியா மட்டும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். பார்த்ததும் கேட்டதும் மூளையில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போகிறது பிள்ளைகளா, அந்தக் கீறல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். தேடியவர்கள் எங்கள் அலமாரிப் பக்கம் வரவில்லை.

ஒரு வாரம் தெருவே குடித்தது. பரணிலிருந்து இறக்கினார்கள், பெட்டியிலிருந்து எடுத்தார்கள், தண்ணீரை ஊற்றிக் கண்ணை மூடிக் குடித்தார்கள். வருஷக்கணக்காகப் பேசாதவர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு, கரண்ட் கட்டுக்கும் தண்ணி லாரிக்கும் பழகியது போல, இதற்கும் பழகிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் பெயரில்லாத டம்ளரில் காப்பி கொடுப்பது மரியாதை ஆனது. கோயிலில், யாரோ காணிக்கையாகக் கொடுத்த கிண்ணத்தில் திராட்சை ரசம் அருந்திய சாமியார் பூசை முடிகிறவரை இறால் விலையை நினைத்துக்கொண்டே நின்றதாகச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவர், இதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லோரும் நல்லதை நினைத்துப் பழகுவது நல்லது என்று சுருக்கமாகப் பிரசங்கத்தை முடித்துவிட்டார். பாத்திரக்கடை தங்கக்கனி அண்ணாச்சி கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். பெயர் வெட்ட வந்தவர்கள் அதில் உட்கார்ந்து மனதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். செபமாலை உருட்டினார்கள், திருநீறு பூசிக்கொண்டார்கள், பசியோடு இருந்தால் கெட்ட நினைப்பு வரும் என்று வடை வாங்கித் தின்றார்கள். "நல்லா நெனச்சிக்கிட்டு நில்லுங்க, ஊசி வைக்கப் போறேன்" என்று அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொல்லுவார். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நல்லதை நினைப்பார்கள்.

இதில் பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கோடிவீட்டுக் குரூஸ் மாமாவால் தெரிந்தது. அவருக்குக் கல்யாணக் குடம் கொடுத்தவர் மணப்பாட்டிலிருக்கும் மச்சான், மாமாவின் வீட்டுக்கார அத்தைக்கு உடன்பிறந்த அண்ணன். அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்த மாமாவுக்கு, இந்தக் குடிகாரனுக்குப் போய் என் தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கிறோமே என்ற எண்ணம் மச்சானின் குரலிலேயே உள்ளே கேட்டது. மாமா அரம் எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்து குடத்திலிருந்த பெயரை ராவி எடுத்தார். எண்ணம் அத்தோடு போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்த மச்சான் நடுவீட்டில் நின்று, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சாருக்கு எந்த ஊரு" என்று கேட்டார். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதே அவருக்குத் தெரியவில்லை. குரூஸ் மாமா இப்போதும் அதை வேடிக்கையாகத்தான் சொல்லுவார், அந்த ஒருநாள்தான் என்னை மரியாதையாப் பேசினான் என்று. அத்தை அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். பாத்திரத்தில் இருப்பது நகல் இல்லை, அதுவேதான்; ராவினால் கொடுத்தவருக்கும் இல்லை, குடித்தவருக்கும் இல்லை. அதிலிருந்து தெருவில் அரத்தைக் கண்டால் ஆட்கள் விலகி நடந்தார்கள்.

என் பயம் வேறு. பெரியவர்களுக்குள் போகிற நினைப்பு சாயங்காலத்துக்குள் திரும்பிப் போவது, உள்ளே ஏற்கெனவே ஆள் இருப்பதால். ஆளே இன்னும் குடிவராத இடத்தில் அது என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. என் ஷைனிக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. மாமனார் இறந்தபிறகு நடுவில் சுவர் எழுப்பி, முன்பாதி இவருக்கும், பின்பாதி இவருடைய அக்கா சலேத் மதினிக்கும் என்று பிரித்தார்கள். சுவரில் இருந்த கதவை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பின்பாதி பழைய படுக்கையறை என்பதால் தாழ்ப்பாள் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. என் பக்கம் ஒரு வளையம்கூட இல்லை. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளையும் எனக்குத் தெரிந்து மதினி ஒரு நாளும் போட்டதில்லை. நினைத்த நேரத்தில் வருவார்கள். நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இவர் சட்டையில்லாமல் படுத்திருக்கும்போது, நான் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கும்போது, கதவு சத்தமில்லாமல் திறக்கும். எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். இவரிடம் நம் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். அக்கா என்ன நினைப்பா என்றார். அக்கா நினைப்பதை அறிய இப்போது வழியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

மதினிக்கு ஒரு பெண் இருந்தாள், பெனிட்டா. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். வீட்டுக்காரர் அதற்கு முன்பே கப்பலுக்குப் போனவர், போனவர்தான். பெனிட்டாவின் படம் மதினி வீட்டு மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் அவளுடைய டிபன் டப்பா, பள்ளிக்கூடத்தில் மாறிப்போகாமல் இருக்க, அவளையும் கடைக்குக் கூட்டிப்போய் மூடியில் அவள் பெயரையே வெட்டியது. அந்தச் சத்தம் கேட்ட ராத்திரிக்குப் பிறகு அந்த டப்பாவை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

ஷைனி மாறினாள். முதலில் விரல். படுக்கையில் கிடக்கிற துண்டின் குஞ்சத்தைப் பிடித்து மூன்றாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டாள். பின்னல். பாலைக்கூட ஒழுங்காகப் பிடித்துக் குடிக்கத் தெரியாத பிள்ளை பின்னல் போட்டது. பிறகு நேரம். மத்தியானத் தூக்கத்திலிருந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாக எழுந்து, வாசலைப் பார்த்துத் தவழ்ந்து போய், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சீருடைப் பிள்ளைகள் எல்லாரும் தெருவைக் கடந்து போகிறவரை அசையமாட்டாள். பிறகு கிணறு. முற்றத்துக் கிணற்றைக் கம்பிவலை போட்டு மூடி வருஷமாகிறது. காக்கா எதையாவது போட்டுவிடுகிறது என்று மதினிதான் சொல்லி மூடவைத்தார்களாம். அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை என் கழுத்தில் நகம் பதியக் கத்தினாள். அழுகையும் பிள்ளை அழுகையாக இல்லை. சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எந்தக் கைக்குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு அழும்?

கடைசியில் பேச்சு. அம்மா இல்லை, அப்பா இல்லை. கேட் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து ஷைனி சொன்ன முதல் வார்த்தை பெனி.

இவருக்கு நைட் ஷிப்ட் இல்லாத நாளில் போனில் ஒரு விளையாட்டு உண்டு. செத்துப்போன வீரனின் ஞாபகத்தை ஒரு நீலக் கல்லில் அடைத்து வைத்திருப்பார்களாம். அதைப் புது ஆளின் நெற்றியில் வைத்தால் பழைய ஆள் படித்த சண்டையெல்லாம் அவனுக்கு வந்துவிடுமாம். பிள்ளை பெனி என்றதை நான் சொன்னபோது இவர் அந்த விளையாட்டில்தான் இருந்தார். நல்லதுதானே, சின்னதிலேயே விவரமா இருக்கா என்றார்.

"அந்தப் புது ஆளு அப்ப எங்க போவான்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போமாட்டான் பிலோமி. அவன்தான வெளையாடுதான்."

"யாரு வெளையாடுதது? புது ஆளா, பழைய ஆளா?"

 போனைச் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. நான் துணி காயப்போடப் போகிற நேரம், தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம், அந்த எண்ணெய் போட்ட கதவு திறக்கிறது. டிபன் டப்பாவில் பருப்புச் சோறு பிசைந்து கொண்டுவந்து என் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். வாய்வாயாக, பெனிட்டாவை. நான் கவனமாக இருந்தேன். ஷைனிக்கு எல்லாவற்றையும் அவள் பெயரே போட்ட டம்ளரில்தான் கொடுத்தேன். பிள்ளை பிறந்ததற்கு மதினி வாங்கித் தந்தது. வயிற்றில் பெரிய எழுத்தில் ஷைனி என்றிருக்கும். என் அடுக்களையில் பயமில்லாமல் தொடக்கூடிய பாத்திரம் அது ஒன்றுதான். அவள் பெயர் வெட்டியபோது அவள் பிறந்து சில நாள்கூட ஆகவில்லை, அதில் என்ன இருந்துவிடப் போகிறது. பாலும் தண்ணீரும் கஞ்சியும் அதிலேயே கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, உதட்டை முகர்ந்து பார்ப்பேன், பருப்பு வாசனை இருக்கிறதா என்று. அலமாரிக்குப் பின்னால் நின்று ஒளிந்து பார்த்தேன். மதினி வந்தார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள், பிள்ளை அவர்களுடைய முகத்தைத் தடவியது, இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கையில் டப்பா இல்லை. இன்று இல்லை, நேற்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் மதினி நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போனதும் செண்பகவல்லி அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அந்தக் கதவு வழியாக நான் உள்ளே போனேன். மேசைமேலிருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே சோற்றுப் பருக்கை இல்லை, வாசனை இல்லை, விபூதி மாதிரித் தூசி. பானைத் தண்ணீரைப் பிடித்துக் கழுவி, மறுபடி பிடித்து, சேசுவே என்று சொல்லிக் குடித்தேன்.

பெனிட்டா வந்தாள். புது ஷூ கடித்தது. தலையில் அம்மாவின் விரல் நடந்தது, இழுத்துப் பின்னியதில் நெற்றி இறுகியது, தேங்காயெண்ணெய் காதோரம் வழிந்தது. முற்றத்துக் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து ஓ என்றேன், கிணறு ஓ என்றது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தெருமுனையில் நின்று விளையாட வேண்டும், வீட்டுக்குப் போகவே கூடாது என்று இருந்தது. இவ்வளவுதான். அந்த டப்பா வாங்கிய நாளில் ஒரு பிள்ளையிடம் இருந்தது இவ்வளவுதான்.

 பெனிட்டாவுக்குக் கிணறு பயமில்லை. பெனிட்டா கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அவள் வெளியே நின்றவள், உட்கார்ந்து காத்திருந்தது வேறு ஆள். பெனிட்டாவின் விரலுக்குப் பின்னல் தெரியாது, பின்னல் அவள் தலைக்குத்தான் தெரியும். தன் பெயரை யாராவது கேட் பக்கம் பார்த்துத் தானே கூப்பிடுவார்களா?

ஓடிவந்து அந்த டம்ளரை எடுத்தேன். வயிற்றில் ஷைனி. தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில், தேய்க்கும்போது தினமும் என் விரல் படுகிற இடத்தில், பொடி எழுத்தில், அத்தை சலேத்.

பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு நடந்தேன். அண்ணாச்சி டம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா பிள்ளை பெயரை மட்டும்தான் போடச் சொன்னார்கள் என்று ஒத்துக்கொண்டார். "கொடுத்தவங்க பேரு இல்லாம எப்படிம்மா ஒரு சாமானத்தக் கடைய விட்டு அனுப்புறது? இரவல் வாங்குன மாதிரில்லா இருக்கும். நானாத்தான் அடியில போட்டுக் குடுத்தேன், அதுக்குத் தனியாக் காசுகூட வாங்கல" என்றார். அப்போது பெஞ்சு இல்லை, செபமாலை இல்லை. மதினி அந்தக் கடையில் நின்ற நேரம் அவர்கள் மனதில் என்ன இருந்ததென்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? தம்பிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று டம்ளர் வாங்க வந்த ஒருத்திக்கு, தன்னுடைய பெண்பிள்ளை முழுக்க நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த ஊசி அதைத்தான் எழுதியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்ட ராத்திரிக்கு மறுநாளிலிருந்து அதைத்தான் நான் வேளை தவறாமல், மூக்கைப் பிடித்து, மடியில் கிடத்திப் புகட்டியிருக்கிறேன்.

மதினி கோயிலிலிருந்து வரும்வரை அவர்கள் வீட்டிலேயே காத்திருந்தேன். முக்காட்டை எடுக்காமலேயே என்னையும் இடுப்பிலிருந்த பிள்ளையையும் மேசைமேல் ஈரமாக இருந்த டப்பாவையும் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று இருந்தேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். பிள்ளைக்குள்ளே இருப்பது பெனிட்டா இல்லை மதினி, நீங்கள் என்று சொன்னேன். பின்னலைச் சொன்னேன், கேட்டைச் சொன்னேன், கிணற்றைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைச் சொன்னேன்.

கிணறு என்றதும்தான் மதினி வாய் திறந்தார்கள்.  பெனிட்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த வாரம் ஒருநாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அந்தக் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம், விடிகிறவரை. சத்தம் கேட்டால் தம்பி எழுந்துவிடுவான் என்று வாயைப் பொத்திக்கொண்டு. இறங்கியபிறகு, இன்னொரு ராத்திரி ஏறிவிடக் கூடாது என்று வலை போடச் சொன்னார்களாம். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லையாம்.

"அதயுமா இவளுக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள்.

"அதத்தான் மதினி ரொம்பத் தெரியும்."

ஷைனி என் இடுப்பிலிருந்து சாய்ந்து அவர்களுடைய முக்காட்டை இழுத்து விலக்கினாள். கலைந்திருந்த முடியை எடுத்து மூன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். மதினி அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது அவர்கள் முகத்தில் வந்தது துக்கம் இல்லை.  நெடுங்காலம் தனியாக ஒரு வீட்டில் இருந்த ஆளுக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டால் வருகிற முகம் அது.

"அப்ப எனக்கு மட்டும் இல்ல" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, இதுவரை என்னிடம் பேசாத ஒரு குரலில், "இருந்துட்டுப் போட்டும் பிலோமி. ஒம் பிள்ளைக்கு ஒண்ணும் கொறையாது. ஒரு ஓரமா எம் பிள்ள இருந்துட்டுப் போறா."

"ஓரம்னு ஒண்ணு அவகிட்ட இன்னும் இல்ல மதினி. அவளே அவ்வளவுதான். நீங்க உள்ள வந்தா, அவ வெளிய நிக்கணும்."

மதினி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நான் கொடுத்தேனா, அவர்கள் பிடுங்கினார்களா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. ராவினால் எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டார்கள். "அந்தப் படத்தப் பாத்து இது யாரு வீட்டுப் பிள்ளன்னு நான் கேப்பேன், நீ சொல்லுவியா? குரூஸ் மாமாவோட மச்சான் கையக் குலுக்குன மாதிரி எம் பிள்ள கல்லறையில நின்னு பேரப் படிச்சிட்டுப் போவேன். அது போதுமா ஒனக்கு?"  போதும் என்று சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்தேன், அதனால் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். டம்ளர் அவர்களிடம்தான் இருந்தது.

இவருக்கு இன்று நைட் ஷிப்ட். அரிசி டிரம்மை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு ஆள் தள்ளினால் நகர்ந்துவிடும் என்று தெரியும். மதினி அந்த டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டு வருவார்கள், நான் கண் அசந்தால் வருவார்கள், நாளைக்கு வராவிட்டால் நான் குளிக்கப்போகும்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வராமலிருக்க எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. டப்பாவில் குடித்த பெனிட்டா விளக்கு வைத்தபோதே என்னைவிட்டுப் போய்விட்டாள். ஷூ கடித்தது எந்தக் காலில் என்று இப்போதே தெரியவில்லை. கிணறு ஓ என்று திருப்பிச் சொன்னது மட்டும் இருக்கிறது. அதையாவது போகுமுன் எழுதி வைக்கிறேன். நாளைக்கு அந்தப் பக்கத்தில் யாராவது, படத்திலிருக்கும் பிள்ளை யார் என்று என்னிடம் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கலாம்.

இதை எழுதும்போதே சத்தம் கேட்கிறது. ர்ர்ர் இல்லை, அதைவிட மெதுவாக, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. அரம். கதவுக்கு அந்தப் பக்கம், மேசை இருக்கிற இடத்திலிருந்து. முதலில் என் கதவைத்தான் அறுக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளையை அள்ளி மார்போடு பிடித்துக்கொண்டேன். பிறகுதான் அது இரும்பு இரும்பைத் தேய்க்கிற சத்தம் என்று காது சொன்னது. நடுவில் ஒரு தடவை நின்றது. வெகுநேரம் நின்றது. போய்க் கதவில் காதை வைத்தேன். மதினி யாரிடமோ பேசுவது போல மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார்கள், ஒரு தடவை, பின்னல் போட்டு முடித்துப் போய்வா என்று அனுப்புகிற குரலில். மறுபடி அரம் தொடங்கியது.

ஷைனி தூக்கத்தில் என் சேலைத் தலைப்பின் நூலை மூன்றாகப் பிரித்துப் பிடித்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் நின்றபோது விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நூல் விழுந்தது. பிள்ளை எழுந்து, என் முகத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் அழுவது போல வாயைப் பெரிதாகத் திறந்து அழுதாள். பாலுக்கு.

அந்தப் பக்கம் காலடி கேட்டது. கதவை நோக்கி வந்து, கதவுக்கு நேரே நின்றது. டிரம்மின்மேல் என் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். மதினி என்று கூப்பிட வாய் எடுத்தேன். யார் நீ என்று பதில் வந்துவிடுமோ என்று கூப்பிடவில்லை. எனக்குக் கேட்டது ஒரு மூச்சு, பிறகு, இது ஏன் இத்தனை நாளும் திறந்தே கிடக்கிறது என்று முனகுவது மாதிரி ஏதோ. மதினி மறந்துதான் அப்படிச் சொன்னார்களா, நான் கேட்பேன் என்று தெரிந்தே சொன்னார்களா, எனக்குத் தெரியவில்லை, இனிமேல் தெரியப்போவதுமில்லை. துருவேறிய இரும்பு ஒரு தடவை முரண்டு பிடித்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. அந்தப் பக்கம், உள்ளேயிருந்து, தாழ்ப்பாள் விழுந்தது.